தேதி பார்த்து வராத நோய்
பிரிட்டனில் குடல் அழற்சி நோயாளிகளுக்கான புறநோயாளி சேவை உருவான கதை

குடல் அழற்சி நோய் என்ற பொதுப்பெயருக்குள் முக்கியமாக இரண்டு நோய்கள் அடங்கும். ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். மலக்குடலில் தொடங்கி, பெருங்குடலின் உட்சவ்வு முழுவதும் பரவக்கூடிய புண் நோய் இது. மற்றொன்று க்ரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை உணவுப்பாதையின் எந்த இடத்தையும் பிடிக்கும். குடல்சுவரின் முழுத் தடிமனையும் அரிக்கும். இரண்டும் பெரும்பாலும் இளவயதில் தொடங்குகின்றன. இரண்டையும் முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தணிந்து கிடக்கும் நோய் திடீரென மூளும். ரத்தமும் சீதமுமாக வயிறு போகும். மருந்துக்கு அடங்கி மறுபடி தணியும். இருபது வயதில் இந்த நோய் வந்த ஒருவர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கப்போவது வாழ்நாளில் சில வாரங்கள்தான். மீதி ஐம்பது, அறுபது ஆண்டுகள் அவர் புறநோயாளி. ஆகவே இந்நோயின் சிகிச்சை வரலாற்றில் மருந்துகளுக்கு எவ்வளவு இடமுண்டோ, புறநோயாளிப் பிரிவை நடத்திய விதத்துக்கும் அவ்வளவு இடமுண்டு. 1948 முதல் ஏறத்தாழ எல்லா நோயாளிகளும் ஒரே தேசிய சுகாதார சேவையின்கீழ் வந்ததாலும், புறநோயாளிப் பிரிவின் நடைமுறையையே ஆய்வுக்கு உட்படுத்தும் வழக்கம் அங்கு வளர்ந்ததாலும், இந்த வரலாற்றைப் பிரிட்டனில் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

தொடக்கத்தில் புறநோயாளி என்ற பேச்சுக்கே இடமில்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ் 1859இல் ஒரு பெண்ணின் குடலைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்து எழுதிய குறிப்பே இந்நோய் பற்றிய தொடக்ககால விவரணைகளில் புகழ்பெற்றது. அதுவும் ஒரு கொலை வழக்கின் துணை விளைவு: அந்தப் பெண்ணுக்கு நஞ்சூட்டியதாக டாக்டர் ஸ்மெதர்ஸ்ட் என்பவருக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டு, மருத்துவச் சான்றுகள்மேல் எழுந்த ஐயத்தால் பிறகு மன்னிப்பு வழங்கப்பட்டது. ஐம்பது ஆண்டு கழித்து, 1909இல், ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் லண்டன் மருத்துவமனைகளின் பதிவேடுகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட கொலைட்டிஸ் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டியது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு ஏதும் இல்லை. நியூயார்க் மவுன்ட் சைனாய் மருத்துவமனையில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை வைத்துச் சிறுகுடல் நோயை விவரித்த 1932ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் சிகிச்சை என்றால் அறுவைதான்.

நிலைமையை மாற்றியவை இரண்டு மருந்துகள். ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின் குடலுக்கும் பலன் தருவது 1940களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அடுத்து ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவ், லெஸ்லி விட்ஸ் இருவரும் கார்ட்டிசோனைப் போலி மருந்துடன் ஒப்பிட்டுச் சோதித்து 1955இல் இறுதி அறிக்கை வெளியிட்டார்கள். ஆறு வாரச் சிகிச்சையில் கார்ட்டிசோன் பெற்றவர்களில் 41 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது; மற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கு மட்டுமே. புறநோயாளி சேவையின் கோணத்தில் பார்த்தால், அந்த ஆய்வின் பக்கவிளைபொருள் ஒன்று அதைவிட நீண்ட ஆயுள் பெற்றது. நோயின் கடுமையைப் பிரித்தறிய அவர்கள் வகுத்த எளிய அளவுகோல் அது: ஒரு நாளில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட முறை ரத்தம் கலந்த மலம், கூடவே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90க்கு மேல், காய்ச்சல், ரத்தசோகை, ரத்தச் செவ்வணுப் படிவு வேகம் 30க்கு மேல். இவற்றில் முதல் கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். வீட்டிலிருந்தபடி மாத்திரையைக் கூட்டினால் போதுமா, அன்றே வார்டில் சேர வேண்டுமா என்பதை முடிவுசெய்ய இன்றும் இந்த அளவுகோல் உதவுகிறது.

ட்ரூலவ் அடுத்து ஹைட்ரோகார்ட்டிசோனை மலவாய் வழியாகச் செலுத்தும் முறையைச் சோதித்தார். இரவு படுக்கும்முன் நோயாளி தானே வீட்டில் செய்துகொள்ளக்கூடிய சிகிச்சை அது. 1965இல் மிசேவிட்ஸ், லெனார்ட் ஜோன்ஸ் முதலியோர், நோய் தணிந்த பிறகும் சல்ஃபாசலசினைத் தொடர்ந்தால் அது மீண்டும் மூளுவது வெகுவாகக் குறையும் என்று காட்டினார்கள். இதன் நடைமுறை விளைவு பெரிது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். அதற்காக யாரோ அவரைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நோயில்லாத நோயாளி என்ற புதிய வகையினர் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்களைக் கூப்பிட்டுப் பார்க்க இன்னொரு காரணமும் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் 1938 முதல் 1962 வரை பார்க்கப்பட்ட 624 கொலைட்டிஸ் நோயாளிகளின் வாழ்க்கைப்போக்கை எட்வர்ட்ஸ், ட்ரூலவ் இருவரும் 1960களின் நடுவில் வெளியிட்டார்கள். பெருங்குடல் முழுதும் நோய் பரவியவர்களுக்கு ஆண்டுகள் செல்லச்செல்லப் புற்றுநோய் அபாயம் ஏறுவதை இதுபோன்ற நெடுங்காலப் பதிவுகள் உறுதிசெய்தன. 1835இல் ஃபிரெடரிக் சால்மன் ஏழே படுக்கைகளுடன் ஏழைகளின் மூலம், பௌத்திரம் போன்ற உபாதைகளுக்காகத் தொடங்கிய லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை, அதற்குள் பெருங்குடல் நோய்களுக்கென்றே உலகப் பெயர் பெற்றிருந்தது. அங்கே 1971இல், குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி மூலமான புற்றுநோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. திசுத்துண்டுகளைப் பேசில் மோர்சன் போன்ற நோய்க்குறியியலாளர்கள் ஆராய்ந்தார்கள். யாரை எந்த ஆண்டு மறுபடி கூப்பிட வேண்டும் என்ற பட்டியல் இன்றியமையாததாயிற்று.

இப்படி 1970களிலும் 80களிலும் பிரிட்டிஷ் மாவட்ட மருத்துவமனைகளில் ஒரு நடைமுறை நிலைபெற்றது. பொது மருத்துவர் எழுதும் கடிதத்துடன் நோயாளி நிபுணரிடம் வருவார். நோய் கண்டறியப்பட்டதும் ஆறு மாதத்துக்கு அல்லது ஓராண்டுக்கு ஒரு தேதி தரப்படும். அந்தத் தேதியில் போனால் பல சமயம் நிபுணர் பார்க்கமாட்டார். சில மாதத்துக்கு ஒருமுறை மாறும் இளநிலை மருத்துவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்பார். நலமாக இருப்பவர் "நலம்" என்று சொல்வார். அடுத்த தேதி எழுதப்படும். இந்த ஏற்பாட்டின் குறை எல்லோருக்கும் தெரிந்ததே. கொடுத்த தேதியில் நோயாளி நலமாயிருப்பார். நோய் மூளும் நாளில் தேதி இருக்காது. மூண்டவுடன் மருத்துவமனையைக் கூப்பிட்டால், முன்பதிவு எழுத்தர் பல வாரம் தள்ளி இடமிருப்பதாகச் சொல்வார். பொது மருத்துவரோ வாழ்நாளில் ஒருசில குடல் அழற்சி நோயாளிகளையே பார்த்திருப்பார்; அவர் தயங்கித் தயங்கி ஸ்டீராய்டு எழுதித் தருவார், அல்லது வயிற்றுக் கிருமி என்று எண்ணிக் காத்திருக்கச் சொல்வார். கடைசியில் அவசரப் பிரிவின் வழியாக வார்டில் சேர்வதுதான் பலருக்கு வழியாயிற்று. நலமாக இருப்பவர்களால் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் நோயுற்றவருக்கு இடமில்லை என்பது நிர்வாகக் கோளாறு மட்டுமல்ல, சிகிச்சைக் கோளாறும்கூட. ஏனென்றால் இந்நோயில் ஒரு வாரத் தாமதம் என்பது குடலில் மேலும் ஒரு வாரப் புண்.

இந்தக் குறையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் நோயாளிகளும் உண்டு. பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் வழி அமைத்துக்கொண்டவர்கள், பர்மிங்ஹாம் அறுவைசிகிச்சை மருத்துவர் பிரையன் புரூக்கின் ஆதரவுடன், 1956இலேயே இலியோஸ்டமி சங்கம் அமைத்தார்கள். பையை ஒட்டுவது, கசிவைத் தடுப்பது போன்ற, மருத்துவர்களுக்குச் சரியாகத் தெரியாத கைவேலைகளை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். அறுவை செய்துகொள்ளாதவர்களுக்கும் சேர்த்து 1979இல் கொலைட்டிஸ், க்ரோன் நோய்க்கான தேசியச் சங்கம் பிறந்தது. இன்று அது க்ரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் யூகே. கடைகளில் காட்டிக் கழிப்பறையை உடனே கேட்பதற்கு அது உறுப்பினர்களுக்குத் தரும் சிறு அட்டையை அற்பமாக நினைக்கலாகாது. வீட்டைவிட்டு வெளியே வரத் துணியாதவர் புறநோயாளிப் பிரிவுக்கும் வரமாட்டார்.

மருத்துவமனைக்குள் வந்த பெரிய மாற்றம் ஒரு புதிய பதவி. வயிற்று வழிப் பராமரிப்புக்கெனத் தனிச் செவிலியர்கள் 1970களில் பரவியிருந்தார்கள். அதே வழியில் 1990களில் குடல் அழற்சி நோய்க்கென்றே தனிச் செவிலியரை நியமிக்கும் வழக்கம் தொடங்கியது. அவர்களுடைய முதன்மைக் கருவி தொலைபேசி. நோயாளிக்கு ஒரு நேரடி எண் தரப்படும். கூப்பிட்டால் பதிவுக்கருவியோ செவிலியரோ எடுப்பார். குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்ப அழைப்பு வரும். ஒரு நாளில் எத்தனை முறை, இரவில் எழுந்திருக்க நேர்கிறதா, ரத்தம் உண்டா, காய்ச்சல் உண்டா, மாத்திரையை விடாமல் எடுக்கிறாரா, அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா, வெளியூர் போய் வந்தாரா என்று கேள்விகள் வரிசையாக வரும். பதில்களைப் பொறுத்து மருந்தளவை மாற்றுவது, மலப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது, இரண்டொரு நாளில் நேரில் வரச்சொல்வது, உடனே வார்டில் சேர்ப்பது என்று முடிவு அமையும். அசத்தயோபிரின் போன்ற எதிர்ப்பாற்றல் தணிக்கும் மருந்துகளை எடுப்பவர்களின் ரத்த அணு எண்ணிக்கையைத் தவறாமல் சரிபார்க்கும் வேலையும் படிப்படியாக அவர்களிடமே வந்தது. மருத்துவர்கள் மாறினாலும் செவிலியர் மாறுவதில்லை என்பதே இதன் முதல் பலம்.

லெஸ்டர் நகரில் இதன் பலன் அளக்கப்பட்டது. அங்கே குடியேறிய தெற்காசியர்களிடையே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஐரோப்பிய வம்சாவளியினரைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுவதாக 1990களின் ஆய்வுகள் சொன்னதால், இந்நோய் ஆய்வாளர்களுக்கு அந்த ஊர் ஏற்கெனவே தெரிந்த ஊர். தனிச் செவிலியர் நியமிக்கப்பட்ட பிறகு நோயாளிகள் மருத்துவமனைக்கு வரும் தடவைகள் 38 சதவீதம் குறைந்ததாக 2000இல் வெளியான அறிக்கை தெரிவித்தது.

அதே காலத்தில் இன்னும் துணிச்சலான கேள்வி ஒன்று எழுந்தது. முன்கூட்டிக் குறித்த தேதிகளையே ஒழித்துவிட்டால் என்ன? வேல்ஸில் ஸ்வான்சீ, நீத் வட்டாரத்தின் இரு மருத்துவமனைகளில் 180 நோயாளிகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான தேதிகள். மறு சாராருக்குத் தேதியே கிடையாது. பொது மருத்துவர் கவனிப்பில் இருந்துகொண்டு, தேவைப்படும்போது மருத்துவமனையைக் கூப்பிடலாம். இரண்டாண்டு முடிவில் வாழ்க்கைத்தரத்தில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. தேதியில்லாதவர்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தது குறைவு. நோயாளிகளும் பொது மருத்துவர்களும் அந்த முறையையே விரும்பினார்கள். ஆனால் 2000இல் வெளியான அதே கட்டுரை ஒரு குறையையும் மறைக்கவில்லை. அவசரம் என்று கூப்பிட்ட சிலருக்கு இடம் கிடைப்பது கடினமாயிருந்தது. தேதியை எடுத்துவிடுவது எளிது, கதவைத் திறந்துவைப்பது கடினம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பின்னாளில் செலவைக் குறைக்கும் நோக்கத்துடன் மட்டும் இம்முறையைக் கையிலெடுத்த நிர்வாகங்கள் முதல் பாதியை நிறைவேற்றி, இரண்டாம் பாதியை மறக்கும் அபாயம் எப்போதும் இருந்தது.

மான்செஸ்டர் வட்டாரத்தில் ஆண்ட்ரூ ராபின்சன் குழுவினர் செய்த சோதனை இதற்கு இன்னொரு விடை தந்தது. 203 கொலைட்டிஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருடன் 15 முதல் 30 நிமிடம் உட்கார்ந்து, நோய் மூண்டால் எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்று அவரவருக்கான திட்டம் எழுதித் தரப்பட்டது. மூளும் அறிகுறி தெரிந்ததும் அவர்கள் யாரையும் கேட்காமல் சிகிச்சையைத் தொடங்கலாம். அவர்களுக்குச் சிகிச்சை தொடங்க ஆன சராசரி நேரம் 14.8 மணி, வழக்கமான முறையில் இருந்தவர்களுக்கு 49.6 மணி. மருத்துவமனைக்கு வந்தது ஆண்டுக்கு 0.9 தடவை, மற்றவர்கள் 2.9 தடவை. 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இந்த முடிவை, வடமேற்கு இங்கிலாந்தின் 19 மருத்துவமனைகளில் 700 நோயாளிகளிடம் கையேடு கொடுத்துச் செய்த 2004ஆம் ஆண்டு ஆய்வும் பெருமளவு வழிமொழிந்தது. மருத்துவமனை வருகை குறைந்ததால் பொது மருத்துவரின் சுமை கூடிவிடும் என்ற அச்சமும் பொய்த்தது. தன் நோயின் போக்கு தனக்குத் தெரியும் என்று நோயாளி காலங்காலமாகச் சொல்லிவந்ததற்கு எண்ணிக்கை வடிவில் சான்று கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

நோயாளி மருத்துவமனையிலிருந்து விலகிவந்த அந்த நேரத்தில் ஒரு மருந்து அவரை மறுபடி உள்ளே இழுத்தது. 1998இல் அமெரிக்காவில் க்ரோன் நோய்க்கு அனுமதி பெற்று, விரைவில் ஐரோப்பாவுக்கும் வந்த இன்ஃப்ளிக்சிமாப், ரத்தநாளம் வழியாக இரண்டு மணி நேரம் ஏற்றப்படும் மருந்து. முதல் தவணைக்குப் பிறகு இரண்டாவது, ஆறாவது வாரங்களில். பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. காசநோய் உறங்கிக் கிடந்தால் அதை எழுப்பிவிடும் என்பதால் முன்கூட்டிப் பரிசோதனைகள் தேவை. சாய்வு நாற்காலிகள் போட்ட மருந்தேற்றும் அறை, முன்பதிவு, மருந்து நிர்வாகம், பக்கவிளைவுக் கண்காணிப்பு எல்லாம் புறநோயாளிப் பிரிவின் பகுதிகளாயின. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் அடாலிமுமாப் 2007இல் ஐரோப்பாவில் க்ரோன் நோய்க்கு வந்தபின் சுமை சற்றுக் குறைந்தது. செலவு குறையவில்லை. 2015இல் இவற்றை ஒத்த, விலை குறைந்த பயோசிமிலர் மருந்துகள் வந்தபோது சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மருத்துவமனை ஒரு நல்ல ஒப்பந்தம் செய்தது. நோயாளிகளை முறைப்படி புதிய மருந்துக்கு மாற்றுவது. அதனால் மிச்சமாகும் பணத்தை, செலவைக் கொடுக்கும் வட்டார அமைப்புகளும் மருத்துவமனையும் பகிர்ந்துகொள்வது. மருத்துவமனையின் பங்கிலிருந்து செவிலியர் உள்ளிட்ட ஊழியர்களை நியமிப்பது. மருந்துக்குப் போன பணம் மனிதர்களுக்குத் திரும்பிய அபூர்வமான சந்தர்ப்பம் அது.

ஊருக்கு ஊர் நிலைமை எவ்வளவு வேறுபடுகிறது என்பதை 2006இல் தொடங்கிய தேசியத் தணிக்கை வெளிச்சம் போட்டுக் காட்டியது. கணிசமான மருத்துவமனைகளில் தனிச் செவிலியரே இல்லை. வார்டுகளில் கழிப்பறைகள்கூடப் போதவில்லை. இதன் விளைவாக 2009இல் மருத்துவர், செவிலியர், நோயாளி அமைப்புகள் சேர்ந்து சேவைத் தரங்களை வெளியிட்டன. இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் புதிய நோயாளியை நான்கு வாரத்துக்குள் பார்க்க வேண்டும். நோய் மூண்டவரை ஐந்து வேலைநாள்களுக்குள் நிபுணர் குழு பார்க்க வேண்டும். இரண்டரை லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்றரைச் செவிலியர் பணியிடங்கள் இருக்க வேண்டும். வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு கழிப்பறை வேண்டும். கடைசி விதியைத் தேசிய ஆவணம் ஒன்றில் எழுதவேண்டி வந்ததே அன்றைய நிலைக்குச் சாட்சி.

தொலைவிலிருந்து கவனிக்கும் முறைக்குக் கைகொடுத்தது ஒரு மலப் பரிசோதனை. நார்வேயில் மாக்னே ஃபாகர்ஹோல் குழுவினர் 1980இல் அடையாளம் கண்ட வெள்ளணுப் புரதம் பிறகு கால்புரொடெக்டின் எனப்பட்டது. குடலில் அழற்சி இருந்தால் அது மலத்தில் கூடும். 2013இல், சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, குடல் அழற்சி நோயையும் சாதாரணக் குடல் உபாதையையும் பிரித்தறிய இப்பரிசோதனையைப் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களில் அழற்சியின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பார்க்கவும் மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்தின. உள்ளே குழாய் செலுத்திப் பார்ப்பதற்குப் பதில், ஒரு சிறு குப்பியை அனுப்பிவைத்தால் போதும் என்ற நிலை பல சந்தர்ப்பங்களில் வந்தது.

கணினி வழிக் கண்காணிப்பில் பிற நாடுகள் முந்திக்கொண்டன. டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நோயாளிகள் இணையத்தில் அறிகுறிகளைப் பதிவுசெய்வார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிலை தெரியும். மருந்தைத் தாங்களே கூட்டுவார்கள். டென்மார்க்கில் அவர்களுக்கு நோய் மூண்டிருந்த காலம் நடுமதிப்பில் 18 நாள். வழக்கமான முறையில் 77 நாள். நெதர்லாந்தில் நான்கு மருத்துவமனைகளைச் சேர்ந்த 909 நோயாளிகளிடம் நடந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், கைபேசி வழி கண்காணிக்கப்பட்டவர்கள் ஓராண்டில் 1.55 தடவையும் மற்றவர்கள் 2.34 தடவையும் மருத்துவமனைக்கு வந்தார்கள். உள்நோயாளியாகச் சேர்வதும் பாதியாகக் குறைந்தது. க்ரோன் நோய்க்கும் இம்முறை பொருந்தும் என்பது இதிலிருந்து கிடைத்த கூடுதல் பாடம்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பிரிட்டிஷ் மருத்துவமனைகள் சில வாரங்களில் நேரடி வருகைகளைப் பெருமளவு நிறுத்தித் தொலைபேசிக்கு மாறின. எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்து எடுப்பவர்களில் யார் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்பதைத் தரம்பிரிக்கப் பிரிட்டிஷ் இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் ஓர் அட்டவணை வெளியிட்டது. தொலைபேசி அழைப்புகள் அலைமோதின. அவற்றுக்குப் பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் அந்தச் செவிலியர்களே. கொரோனா தணிந்தபின், நோயாளி விரும்பும்போது தொடர்புகொள்ளும் முறையை எல்லாத் துறைகளிலும் தேசிய சுகாதார சேவை ஊக்குவிக்கத் தொடங்கியது. ஸ்வான்சீயில் 180 பேரிடம் சோதித்தது இருபது ஆண்டு கழித்து நாட்டின் கொள்கையாயிற்று.

கொள்கைக்கேற்ற ஆள்பலம் மட்டும் வந்து சேரவில்லை. 2019இல் திருத்தி வெளியிட்ட தரங்கள், இரண்டரை லட்சம் மக்களுக்கு ஒன்றரை என்றிருந்த செவிலியர் எண்ணிக்கையை இரண்டரையாக உயர்த்தின. நாடு முழுவதும் நோயாளிகளிடமும் மருத்துவமனைகளிடமும் கேட்டு 2021இல் வெளியிடப்பட்ட அறிக்கையின்படி, பெரும்பாலான மருத்துவமனைகள் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.